மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்

இந்த வகை மனிதரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. எங்கே ஒருவர் வேலை செய்கிறாரோ, அங்கே அவருக்கு நேர் எதிரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். அவர்தான். வேலை செய்கிறவருக்குப் பக்கத்தில் அவர் நிற்பதில்லை. பக்கத்தில் நின்றால் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிடுவார்கள். பின்னால் நிற்பதும் இல்லை. பின்னால் நின்றால் அவர் நிற்பது யாருக்கும் தெரியாது. ஆகவே எதிரே. எப்பொழுதும் எதிரே.

காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் பஸ் பின்னுக்கு வரும்போது "வரட்டும், வரட்டும்" என்று கையை வீசி வீசிக் கூப்பிட்டு, அது மதிலில் முட்டிய பிறகு "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்பவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். செத்த வீட்டில் பெட்டி தூக்கும் நாலு பேருக்கும் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, "படி இருக்குது, படி, கவனம்" என்று நாலு பேரையும் எச்சரித்து, அந்தப் படியில் தானே தடக்கி விழுந்தவரையும் கண்டிருப்பீர்கள். அவர்களெல்லாம் இந்த இனத்தின் சில்லறைகள். அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளவத்தைக்கு வரவேண்டும்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில், எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பெயர் பூபாலசிங்கம். அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து, அங்கிருந்த எந்தச் சாமானையும் கையால் தொடாமலே பென்ஷன் எடுத்தவர். யுத்தகாலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு அவர்தான் ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது குண்டுவீச்சுக் காவலர். யப்பான்காரன் குண்டுபோட வருவான் என்று ஊரே விளக்கை அணைத்துவிட்டு இருந்தபோது, யாருடைய வீட்டிலாவது வெளிச்சம் தெரிகிறதா என்று ஐந்து செல் டோர்ச்சை வீடு வீடாக அடித்துப் பார்த்தவர் அவர். வானத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஒழுங்கை மட்டும் கார்த்திகை விளக்கீடு போலத் தெரிந்திருக்கும். யப்பான்காரன் நல்லவன், எங்களை விட்டுவிட்டான். யுத்தம் முடிந்து ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். விசிலைக் கொடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன அல்லவா? ஊரில் உள்ளவர்கள் தார்ப்பாயும் கேத்திலும் பன்னிரண்டாம் நம்பர் சப்பாத்தும் வாங்கினார்கள். பூபாலசிங்கம் வாங்கியது ஒரு ரவுட்டர். காலி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹமீட் நானா ஏலத்தில் எடுத்த பெட்டிகளுக்குள் அது இருந்தது. அது என்ன சாமான் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஆனால் பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. போதாதா?

உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். அது மரவேலைக்கான மின்சார மிஷின். சின்னப் பானை அளவில் ஒரு மோட்டர், இரண்டு பக்கமும் பிடி, அடியில் ஒரு தட்டு, தட்டின் நடுவே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அலகு. சுவிட்சைப் போட்டால் அந்த அலகு நிமிஷத்துக்கு இருபதினாயிரம் தரம் சுற்றும். பலகையின் விளிம்போடு வைத்துத் தள்ளினால், ஒரு நல்ல தச்சர் உளியும் இழைப்புளியும் வைத்து இரண்டு நாள் மினைக்கெட்டு எடுக்கும் வளைவை இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடும். விரலை வைத்தால் விரலையும் எடுத்துவிடும். அதற்கு இரண்டு நிமிஷம் வேண்டியதில்லை.

பூபாலசிங்கம் அந்தப் புத்தகத்தை மூன்று கிழமை படித்தார். படித்து, பதினொரு விதிகளைச் செந்தமிழில் பெயர்த்து, வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் எழுதுவித்து, பின் விறாந்தையில் தொங்கவிட்டார். விதிகள் எல்லாம் நல்ல விதிகள். ஒன்றில்கூடப் பிழை சொல்ல முடியாது. அலகு மாற்றும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க. கண்ணுக்குக் கண்ணாடி அணிக. இரு கைகளாலும் பிடிக்க, எக்காரணம் கொண்டும் ஒரு கையையேனும் எடுக்கற்க. தொங்கும் உடை ஆகாது. பலகையை மேசையோடு இறுக்கிப் பூட்டுக. ஒரே தரத்தில் ஆழமாக வெட்டற்க. இப்படியே போய், ஒன்பதாம் விதி: இயந்திரத்தை இடமிருந்து வலமாக நகர்த்துக.

இந்த ஒன்பதாம் விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி இருக்கிறது, மிஷின் இருக்கிறது. இனி வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து தச்சுவேலை செய்யும் சூசைதாசன் பாஸ் வந்தார். பூபாலசிங்கத்தின் சாப்பாட்டு மேசைக்கென்று ஒற்றைப் பலாப் பலகை, ஆறடி நீளம், ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தது. அதற்கு விளிம்பு எடுக்க வேண்டும். சூசைதாசன் அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய கோயிலில் பிரசங்க மேடையைச் சுற்றி ஓடும் திராட்சைக் கொடி அவர் செதுக்கியது. பாதி முடிந்திருந்தது; மீதியை வருகிற பெருநாளுக்கு முன் முடித்துத் தருவதாகச் சுவாமியாரிடம் சொல்லியிருந்தார். அவர் செதுக்குவதை நான் ஒருநாள் பார்த்திருக்கிறேன். வலது கை தட்டும், அவ்வளவுதான். இடது பெருவிரல்தான் உளியின் முதுகில் அமர்ந்துகொண்டு, இங்கே போ, இங்கே நில், இங்கே வளை என்று அதை வழிநடத்தும். அந்தப் பெருவிரல் இல்லாவிட்டால் கொடியும் இல்லை, இலையும் இல்லை. அவரிடம் அன்று விரல் பத்தும் இருந்தன. கடைசியில் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பின் விறாந்தையில் வேலை மேசை. தோட்டப் பக்கம், வெயிலில், சூசைதாசன். வீட்டுப் பக்கம், நிழலில், பூபாலசிங்கம். அவருக்கு அருகே எனக்கும் ஒரு சாய்வுக் கதிரை போட்டிருந்தார்கள். "ஒரு படிச்ச ஆள் சாட்சிக்கு இருக்கவேணும்" என்று அவரே வந்து கூப்பிட்டிருந்தார். மயிலம்மா, அவருடைய மனைவி, தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அன்று ஒரு குறையும் இல்லை.

சூசைதாசன் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அலகைப் பூட்டத் தொடங்கினார்.

"பாஸ், அலகு பூட்டேக்கை பிளக்கைக் கழட்டோணும். விளங்குதோ?"

"கழட்டிட்டேன் ஐயா."

"அது நீர் உம்முடைய பாட்டுக்குக் கழட்டினது. திரும்பக் கொழுவும்."

கொழுவினார்.

"இப்ப கழட்டும்."

கழற்றினார். பூபாலசிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீரா, சொன்னால்தான் செய்கிறார்கள் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். நான் தலையை ஆட்டினேன். வாயில் பணியாரம் இருந்தது.

சூசைதாசன் அலகின் தண்டை உள்ளே முட்ட விட்டு, ஒரு மயிரளவு வெளியே இழுத்து, இரண்டு ஸ்பானர் பிடித்து இறுக்கினார். பிறகு பிளக் கழன்றிருக்கிறபடியே அலகை விரலால் மெல்லச் சுற்றிச் சுற்றி, அதன் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தார். ஒரு சதக் காசின் கனம் மட்டும் வெளியே நீட்டுமாறு தட்டைச் சரிப்படுத்தினார். பலகையை நாலு கிளாம்ப் போட்டு மேசையோடு பூட்டினார். புத்தகம் மூன்று கிழமையில் பூபாலசிங்கத்துக்குச் சொன்னதை அந்த அலகு கால் மணித்தியாலத்தில் சூசைதாசனுக்குச் சொல்லிவிட்டது. இது பூபாலசிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து விதிப்பலகையை உரத்து வாசித்தார்.

தொங்கும் உடை ஆகாது என்ற இடத்தில் நிறுத்தினார். சூசைதாசன் சாரத்தை மடித்துச் செருகவேண்டியதாயிற்று. சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டவேண்டியதாயிற்று. கழுத்தில் கறுப்பு நூலில் கிடந்த அந்தோனியார் பதக்கத்தையும் கழற்றச் சொன்னார். சூசைதாசன் கொஞ்சம் தயங்கி, அதைக் கழற்றி, முத்தமிட்டு, சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"உங்கடை சால்வையையும் எடுத்து வையுங்கோவன்" என்றார் மயிலம்மா. பூபாலசிங்கம் வேட்டி, நாஷனல் சட்டை, தோளில் ஜரிகைக் கரைச் சால்வை என்று நின்றார். ஒரு முனை முன்னால் முழங்கால்வரை தொங்கியது.

"சால்வை உடுப்போ? அது மரியாதை. நீர் போய் அடுப்பைப் பாரும்."

அடுத்தது கண்ணாடி. ஹமீட் நானா மிஷினோடு ஒரேயொரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார். கறுப்பு ரப்பர் விளிம்பு வைத்த, விமானம் ஓட்டுகிறவன் போடுவது போன்ற கண்ணாடி. பூபாலசிங்கம் அதை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, தானே போட்டுக்கொண்டார்.

"ஐயா, மரத்தூள் என் கண்ணுக்குத்தானே அடிக்கும்" என்றார் சூசைதாசன்.

"நீர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்யும். நான் எல்லாத்தையும் வடிவாய்ப் பாக்கோணும். பொறுப்பு ஆற்றை தலையிலை? என்ரை தலையிலை."

தலையில்தான் கண்ணாடியும் இருந்தது. நீங்களே சொல்லுங்கள், இதில் நியாயம் இல்லையா? கந்தோரில் மின்விசிறி யாருக்கு மேலே சுழல்கிறது, வேர்க்கிறவருக்கு மேலேயா? மழையில் குடை யாருக்கு மேலே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு மேலேயா? உலகம் முழுவதும் இப்படித்தான் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது.

பூபாலசிங்கம் அந்த வார்டன் விசிலை ஒருமுறை ஊதினால் தொடங்குவது, இருமுறை ஊதினால் நிறுத்துவது. ஊதினார். மிஷின் உறுமியது. சூசைதாசன் அது முழு வேகம் எடுக்கும்வரை பொறுத்து, இரண்டு கையாலும் பிடித்து, தன் முன்னால் இருந்த விளிம்பில் வைத்து, தன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தத் தொடங்கினார். சுருள் சுருளாகத் தூள் பறந்தது. பலாவின் மஞ்சள் நிறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அழகான வளைவு பிறந்தது.

விசில் இருமுறை.

"பாஸ்! ஒன்பதாம் விதி! இடமிருந்து வலம். நீர் வலமிருந்து இடம் போறீர்!"

எதிரே நின்ற அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சூசைதாசன் சுவிட்சை அணைத்து, அலகு முற்றாக நிற்கும்வரை பொறுத்து, மிஷினைச் சரித்து வைத்தார். "ஐயா, இதுதான் என் வலப்பக்கம்."

"உமக்கொரு வலம், எனக்கொரு வலமோ? முப்பத்தொரு வருசம் கவுண்மேந்திலை இருந்தனான். அங்கை எல்லாருக்கும் ஒரே வலம்தான்."

"ஐயா, அலகு சுத்துறதப் பாருங்க. மரத்தக் கடிக்கிறப்ப அது மிஷினை என் இடப்பக்கம் தள்ளுது. அதுக்கு எதிரா நான் வலப்பக்கம் தள்ளினாத்தான் மிஷின் என் கையில நிக்கும். அது தள்ளுற பக்கமே நானும் போனா, என்னைய இழுத்துக்கிட்டு ஓடும்."

இதைவிடத் தெளிவாக இதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் இது புத்தகத்தில் இந்தச் சொற்களில் இல்லை.

சூசைதாசன் கொஞ்சம் யோசித்தார். பிறகு, பாவம், ஒரு வழி கண்டுபிடித்தார். "அப்ப ஐயா நிக்கிற பக்கமே நான் வந்து நிக்கிறேன். அந்தப் பக்கத்து விளிம்ப எடுப்போம். ஐயா எனக்குப் பக்கத்துல நின்னு பாருங்க. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வலம்."

நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். கதிரைகள் நகர்த்தப்பட்டன. சூசைதாசன் வீட்டுப் பக்கம் வந்தார். வந்ததுதான் தாமதம், பூபாலசிங்கத்தின் கால்கள் தாமாகவே நடந்தன. மேசையைச் சுற்றிப் போய், தோட்டப் பக்கம், சூசைதாசனுக்கு நேர் எதிரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்தில் நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது; எங்கும் அப்படி நின்று பழக்கமில்லை. என் கதிரையும் அவரோடு போயிற்று. நானும் போனேன்.

விசில் ஒருமுறை. சூசைதாசன் இடமிருந்து வலம் தள்ளினார். விசில் இருமுறை.

"பாரும், திரும்பவும் பிழை! பாஸ், உமக்கு இடம் வலம் தெரியாட்டி வேறை ஆளைப் பாக்கிறன். மொரட்டுவையிலை ஆயிரம் பாஸ்மார் இருக்கினம். நான் சொல்லுறபடி செய்யும். பொறுப்பு என்ரை."

சூசைதாசன் என்னைப் பார்த்தார். படித்த ஆள் அல்லவா, ஒரு வார்த்தை சொல்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் அந்தக் கதிரையிலிருந்து பார்க்கும்போது அவர் வலமிருந்து இடம் போவதாகத்தானே தெரிந்தது? "ஐயா சொல்லுறபடி ஒருக்கால் செய்து பாருமன்" என்றேன்.

அவர் சேட்டுப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டு மிஷினை எடுத்தார்.

இந்தத் தரம் அவர் தன் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்த்தினார். அலகு மரத்தைக் கடித்த அந்தக் கணமே மிஷின் துள்ளிக்கொண்டு ஓடியது. சூசைதாசன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அதன் பின்னே இழுபட்டார். பலகையின் விளிம்பைப் பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டு அது மூலைக்கு வந்தது. அந்த மூலையில்தான் பூபாலசிங்கம், ஒன்பதாம் விதி சரியாக நிறைவேறுகிறதா என்று வடிவாய்ப் பார்ப்பதற்காகக் குனிந்திருந்தார். மரியாதையின் முனை மேசையில் தவழ்ந்தது. அலகு அதைப் பற்றிக்கொண்டது.

ஜரிகை முதலில் போயிற்று. பிறகு சால்வை சுருண்டது, அதன் பின்னே கழுத்து வந்தது. விசில் வாயில்தான் இருந்தது. ஊத மூச்சு இல்லை. மூக்குக்கும் அலகுக்கும் இடையே ஒரு முழம், ஒரு சாண். நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளதைச் சொன்னால் என்ன, இருந்தேன்.

சூசைதாசன் இடது கையைப் பிடியிலிருந்து எடுத்தார். எடுத்து, பூபாலசிங்கத்தின் நெஞ்சில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். சால்வை கிழிந்தது, பூபாலசிங்கம் பின்னால் ரோஜாச் சாடிக்குள் போய் விழுந்தார், ஒற்றைக் கையில் நின்ற மிஷின், மீண்டு வந்த இடது கையின் பக்கம் ஒரு திருகு திருகியது. அதே நேரம் சத்தம் நின்றது. உள்ளே மயிலம்மா அகப்பையோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.

மிஷினைத் தவிர யாரும் அசையவில்லை. அலகு இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. சூசைதாசன் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு நின்றார். கீழே மஞ்சள் தூளின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

மயிலம்மா கிழிந்த சால்வையில் ஒரு துண்டை இழுத்து அந்தப் பெருவிரலைச் சுற்றிக் கட்டினார். நகமும் அதன் கீழே முதல் மூட்டுவரை சதையும் எலும்பும் போயிருந்தன. கட்டும்போது அவர் கணவனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "இஞ்சருங்கோ, உந்தக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இஞ்சை வந்து பாருங்கோ."

அவர் கழற்றவில்லை. ரிக்‌ஷா வந்தது. சூசைதாசன் ஏறும்போது விதிப்பலகையைத் திரும்பிப் பார்த்து, "ஐயா எந்தப் பக்கம் நிக்கணும்னு ஒரு விதி போடல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது.

ரிக்‌ஷா காலி வீதிக்குத் திரும்பியதுதான் தாமதம், பூபாலசிங்கம் மேசையில் உட்கார்ந்து சம்பவ அறிக்கை எழுதினார். மூன்று பிரதி. யாருக்கு அனுப்புவது என்று அவருக்கே தெரியாது. ஆனால் மூன்று பிரதி. பணியாளர், இடமிருந்து வலமாக நகர்த்துமாறு இரு தடவை விசில் மூலமும் வாய் மூலமும் எச்சரிக்கப்பட்டார். பணியாளர், மூன்றாம் விதிக்கு மாறாக, இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்கையில் இடது கையை எடுத்தார்; எடுத்தமையால் காயமுற்றார். மேற்பார்வையாளர், இரண்டாம் விதியின்படி கண்ணாடி அணிந்திருந்தமையால், ஆண்டவன் அருளால் யாதொரு காயமுமின்றித் தப்பினார்.

ஒவ்வொரு வரியாக வாசித்துப் பார்த்தேன். இதில் எது பொய்? எச்சரித்தது உண்மை. கையை எடுத்தது உண்மை. கண்ணாடி போட்டிருந்தது உண்மை. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மயிலம்மா அதன் பிறகு எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

பிரசங்க மேடையில் திராட்சைக் கொடி நின்ற இடத்தில் நிற்கிறது. பெருநாள் வந்து போயிற்று. சூசைதாசன் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, பூபாலசிங்கத்தின் மேசை விளிம்பை இழைப்புளியால் சீவி முடித்தார். சீவுவதற்கு அந்தப் பெருவிரல் அவ்வளவு தேவையில்லை. மிஷின் பெட்டிக்குள் இருக்கிறது. விதிப்பலகையில் பன்னிரண்டாம் விதி ஏறியிருக்கிறது: மேற்பார்வையாளரைத் தள்ளற்க. சூசைதாசன் சீவிய அந்த இரண்டு நாளும், அவருக்கு எதிரே, புதுச் சால்வையும் கறுப்பு ரப்பர் கண்ணாடியுமாக யார் நின்றார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அண்டைக்கு நான் இந்தக் கண்ணாடி போட்டிருக்காட்டி என்ரை கதி என்ன?"

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று ஒரு பெயரும் உங்கள் வாயில் வந்திருக்கும். அடுத்த கந்தோர்க்காரரோ மச்சானோ மாமனாரோ. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தச் சங்கதி முழுவதையும் நான் அந்தச் சாய்வுக் கதிரையிலிருந்துதான் சொன்னேன். நீங்களும் எனக்குப் பக்கத்தில் வசதியாக இருந்துதான் பார்த்தீர்கள். சூசைதாசன் நின்ற பக்கம் போய் நின்று பார்ப்போம் என்று நம் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, இதைக் கீழே வைக்கும் முன், மெதுவாக ஒரு கையை எடுத்து உங்கள் மூக்கின் மேல் வைத்துப் பாருங்கள். ரப்பர் விளிம்பு ஏதும் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால், தயவுசெய்து கழற்றி, உங்களுக்கு எதிரே வேலை செய்துகொண்டிருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது.